மகளோடு குதித்த நாட்கள்

எங்கள் கம்பெனி லாரி காலையில் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் சுவரே கிடையாது, வெறும் தூண்கள்தான். வாய்ட் டெக் என்பார்கள். அங்கே வயதான ஒரு சீனப் பெண்மணி தினமும் பின்னோக்கி நடக்கிறார். அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டுக்கொண்டு, முன்னால் ஒரு கைதட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கைதட்டு என்று தட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே போவார். நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில், தூணில் மோதிக்கொள்ளப் போகிறாரே என்று பதறி, "ஆன்ட்டி! பில்லர்! பில்லர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பில்லர் ஐ நோ லா. யூ கோ, யுவர் லாரி கம் ஆல்ரெடி" என்றார். பிறகு தூணைச் சுற்றிக்கொண்டு, பின்னாலேயே போய்விட்டார். எனக்கு அவர் நடை ஆச்சரியமில்லை. அந்தப் பக்கமாகப் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போகிற அத்தனை பேரில் ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்காததுதான் ஆச்சரியம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னைப்போல லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களும் அந்த அம்மாவை மாதிரி ஒருவரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எரிச்சல் வருகிறது. இத்தனை வயதில் இந்த அம்மா பொது இடத்தில் கைதட்டிக்கொண்டு பின்னோக்கிப் போகலாம், பன்னிரண்டு வயதில் என் மகள் அவள் வீட்டு மொட்டைமாடியில் குதிக்கக் கூடாதா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இத்தனை வருடம் ஆன பிறகும் ஆறவில்லை.

எனக்குப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே சிங்கப்பூரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. மனைவி மஞ்சுளாவும் ஒரே மகள் கோபிகாவும் ஊரில். நோய்த்தொற்று வந்து உலகத்தையே பூட்டிப்போட்ட வருடம் கோபிகா ஏழாம் வகுப்பு. ஓடுகிற பிள்ளை அவள். பள்ளி விளையாட்டு விழாவில் அவளோடு ஓடுகிற பிள்ளைகள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போடுவார்கள். ஒருமுறை லீவில் போயிருந்தபோது ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுதான் தெரியும், மீன் வறுக்கிற கடைகளுக்கு நடுவில் புகுந்து ஓடி, நானும் மஞ்சுளாவும் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பரிசல் துறையில் உட்கார்ந்திருந்தாள். பரிசல்காரர், "இந்தப் புள்ளைக்குப் பரிசலே வேணாங்க, தண்ணி மேலயே ஓடிப் போயிருங்க" என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கால் ஓய்ந்துவிடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அந்த வருடம் அவள் பள்ளியைப் போனுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எங்களைத் தொழிலாளர் விடுதிக்குள், அதாவது டார்முக்குள், பூட்டிவிட்டார்கள். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், இரட்டைக் கட்டில்கள். சாப்பாடு பொட்டலமாக வாசலுக்கு வரும். கதவைத் தாண்டினால் வராந்தா, வராந்தாவைத் தாண்டினால் காவலர். நாளுக்கு இரண்டு வேளை விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அது காட்டுகிற நாடித்துடிப்பைப் போனில் ஏற்ற வேண்டும். முப்பது மாடி உயரத்தில் காற்றில் நின்று வேலை செய்தவர்கள் கட்டிலின் மேல்தட்டுக்கு ஏறுவதையே பெரிய பயணமாக நினைக்க ஆரம்பித்தோம். அப்படி இருந்த ஒரு நாளில்தான் மஞ்சுளாவிடமிருந்து போன்.

"புள்ள உக்காந்த எடத்த வுட்டு எந்திரிக்க மாட்டேங்குதுங்க. காலைல போனப் புடிச்சா கிளாஸு, அது முடிஞ்சா ஹோம்ஒர்க்கு, அதுவும் போன்லயேதான். செவுத்துல சாஞ்சுக்கிட்டு காலு நீட்டிக்கிட்டு கெடக்குது. வெளிய வுட்டா போலீஸு அடிக்குது. வூட்டுக்குள்ள எங்கீங்க ஓடறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னாதான் கேக்கும்."

அதே வாரம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் வாட்ஸ்அப்பில் ஓர் உத்தரவு போட்டிருந்தார். தினமும் ஸ்கிப்பிங் பயிற்சி, தினமும் ஒரு வீடியோ, ஒரு மாதத்துக்கு. கயிறு இல்லாதவர்கள் கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டு குதிக்கவும் என்று ஒரு குறிப்பு வேறு. ஊரடங்கில் கயிறு விற்கிற கடை எங்கே திறந்திருக்கும்? கோபிகா முகத்தைச் சுளித்தாள். "கயிறு இல்லாம குதிச்சா பைத்தியம் மாதிரி இருக்கும்பா" என்றாள். நான் சொன்னேன், "அப்ப ரெண்டு பைத்தியமா குதிப்போம். அப்பாவுந்தான் உள்ள கெடக்குறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலைத்தளத்தில் மிஞ்சிய சிவப்பு டேப் என் பெட்டியில் இருந்தது. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் ஒரு பெருக்கல் குறி ஒட்டினேன். அங்கே மொட்டைமாடியில் அவள் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். தண்ணீர்த் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அந்தக் குறியில் நின்றால் தலையிலிருந்து கால்வரை படத்தில் விழும். சாயங்காலம் தேநீர் நேரத்தில் அவள் கூப்பிடுவாள். இரண்டு பேரும் இல்லாத கயிற்றைச் சுழற்றிக்கொண்டு குதிப்போம். அவளுக்குப் பின்னால் பாயில் புளி காய்ந்துகொண்டிருக்கும், அதைத் தாண்டி முருங்கை மரம், அதைத் தாண்டி ஒன்றும் இல்லை, வெறும் வானம். எனக்குப் பின்னால் கொடியில் பன்னிரண்டு பேரின் உள்பனியன். என்னோடு அந்த அறையில் இருந்தவன் மாதேஷ், அதியமான்கோட்டைப் பையன். "அண்ணா, கீழ் ரூம்புக்காரன் கட்டையத் தூக்கிட்டு வரப் போறான்" என்பான். "தொப்ப குலுங்குதுப்பா" என்று கோபிகா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து குதிப்பேன். பூட்டிய அறையில் கிடந்த அந்தக் காலத்தில் நான் மனிதனாக இருந்த நேரம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

நாடித்துடிப்பை ஏற்றுகிற நேரமும் அதை ஒட்டித்தான் வரும். குதித்த சூட்டோடு கிளிப்பை மாட்டினால் அது சும்மா இருக்குமா? இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், திரையில் முகக்கவசமும் கண்ணாடியும் மட்டும்தான் தெரிந்தன.

"பிரதர், யுவர் ஹார்ட் வெரி ஃபாஸ்ட். யூ வரீட் அபவுட் சம்திங்?"

"நோ வரி சார். ஜம்பிங். வித் மை டாட்டர்."

"யுவர் டாட்டர் இஸ் தேர் வித் யூ?"

"எவ்ரிடே ஈவினிங் சார். வீ ஜம்ப். நோ ரோப் சார், ஒன்லி திங்கிங் ரோப்."

எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் தமிழ் பேசுகிற ஒரு பெண் கூப்பிட்டார், மனநல ஆலோசகராம். குரல் தேனாக இருந்தது. "அண்ணே, மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத யாராவது உங்களுக்குத் தெரியுறாங்களா?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகள் உயிரோடு தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறாள் அம்மா, போனில் தெரிகிறாள், தினமும் குதிக்கிறாள் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். இத்தனை வருடம் இவர்கள் வீட்டுக்கெல்லாம் சாரம் கட்டினேன், எனக்குப் பைத்தியம் என்று எழுதிவைத்துவிட்டார்களே என்று மாதேஷிடம் புலம்பினேன்.

பிறகு ஒருநாள் கோபிகா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், மஞ்சுளா எடுத்தாள். "டவர்ல என்னமோ வேலைங்க. வீடியோ கால் வர மாட்டேங்குது. பேச்சு மட்டுந்தான் வருது" என்றாள். கோபிகாவைக் கொடு என்றேன். தலைவலி என்று படுத்திருப்பதாகச் சொன்னாள். அப்புறம் அவளே, "அது குதிச்சதை எடுத்து அனுப்பச் சொல்றேங்க, நீங்க பாத்துக்கிட்டே குதிங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே வீடியோ வந்தது. ரோஸ் நிறச் சுடிதாரில் கோபிகா குதிக்கிறாள். நான் போனைக் கட்டில் கம்பியில் கட்டி வைத்துவிட்டு அவளோடு குதித்தேன். மறுநாள் மஞ்சள் சட்டை. அதற்கு மறுநாள் பள்ளிச் சீருடை. நேரில் பேசிக்கொண்டு குதிக்கிற மாதிரி வராதுதான். ஆனாலும் அவள் குதிக்கிறாளே, கால் ஓயவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

நான் கண் இல்லாதவன் இல்லை. சாரத்தில் ஒரு கிளாம்ப் இளகியிருந்தால் கீழே நின்றே சொல்லிவிடுவேன். அந்த வீடியோக்களிலும் சிலது உறுத்தத்தான் செய்தது. சட்டை தினமும் மாறியது, சடையில் வைத்த கனகாம்பரம் மாறவில்லை. பாயில் புளி அதே மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. "புளிய இன்னுமா அள்ளல?" என்று கேட்டேன். "யாருங்க வாங்க வர்றாங்க? லாரியே ஓடலியே" என்றாள் மஞ்சுளா. நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் மாதேஷ், ஊரில் ஆலங்கட்டி மழை, மாங்காயெல்லாம் கொட்டிப்போச்சு என்று வீட்டில் சொன்னதாகச் சொன்னான். அன்றைக்கு வந்த வீடியோவில் மாடி காய்ந்து வெயில் அடித்தது. அதியமான்கோட்டையில் பெய்கிற மழை நம் ஊரிலும் பெய்ய வேண்டும் என்று சட்டமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நம்ப விரும்புகிறவனுக்குக் காரணம் சொல்லித்தர ஆள் தேவையில்லை போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாதேஷ் மேல் கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்து, கீழே குனிந்து என்னைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னாண்ணா, ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே. பாப்பா பெரிய மனுஷி ஆயிருச்சாம்! தண்ணி ஊத்தி முடிஞ்சே போச்சு போலிருக்குது. இனிப்பு எங்கண்ணா?"

நான் அவன் போனை வாங்கிப் பார்த்தேன். மஞ்சுளாவின் அண்ணன் சரவணன், மாதேஷுக்கும் பழக்கமானவர், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். பட்டுப்பாவாடையும் மாலையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் கோபிகா. கன்னத்தில் சந்தனம். பக்கத்தில் பச்சை ஓலையில் கட்டிய சின்னக் குடிசை, அதற்குள் அவள் இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறாள். சுற்றிலும் என் சொந்தக்காரர்கள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அடுத்த படத்தில் பந்தல் வாசல். எங்கள் பக்கத்தில் இந்தச் சடங்கில் எல்லாமே தாய்மாமன்தான்; ஓலை கொண்டுவருவது, சீர் வைப்பது, மாலை போடுவது எல்லாம் அவர். தகப்பனுக்கு இருப்பது ஒரே வேலை. பந்தல் வாசலில் வேட்டி சட்டையோடு நின்று வருகிறவர்களை 'வாங்க, வாங்க' என்று கும்பிட வேண்டும். அந்த இடத்திலும் சரவணன்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் என் போனைத் திறந்து பார்த்தேன். எனக்கு அந்த ஸ்டேட்டஸ் வரவில்லை. நான் மட்டும் பார்க்க முடியாதபடி மறைத்துவைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேர்த்தியாக ஒரு பொய்யைக் கட்டியவர்கள், என் தலைக்கு மேல் கட்டிலில் ஒரு மாதேஷ் படுத்திருக்கிறான் என்பதை மறந்துவிட்டார்கள்.

மாதேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வராந்தாவுக்குப் போய்விட்டான். நான் மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருங்க சொன்னாங்க?" என்றாள்.

"யாரு சொன்னா உனக்கென்னா? நீ சொல்லலீல்ல."

"சொல்லி? நீங்க பூட்டுன ரூம்புல கெடக்குறீங்க. வர முடியுமா உங்களால? உக்காந்து அழுவீங்க. அங்க சோறு தண்ணி எறங்குமா? அண்ணந்தான் வேணாம்னாங்க. முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்னாங்க."

"வீடியோ கால எதுக்கு நிறுத்துன? டவர் வேலைன்ன?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சடங்கு முடிகிறவரை தகப்பன் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். போனில் பார்ப்பதும் பார்ப்பதுதானா என்று ஊரில் பேச்சு வந்திருக்கிறது. மஞ்சுளாவின் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, பார்ப்பதுதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்திருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் கேட்ட ஒரு மாத வீடியோவையும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும்போலக் கோபிகாவும் ஒரே நாளில், சட்டையை மாற்றி மாற்றி, எடுத்து முடித்துவிட்டிருந்தாள். அது வயசுக்கு வருவதற்கு முந்தின வாரம். ஆகவே அதில் இருப்பது பழைய கோபிகா. அவளைத் தகப்பன் பார்த்தால் தோஷம் இல்லை. வழக்கமும் கெடாது, நானும் கேள்வி கேட்க மாட்டேன்.

எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஒருத்தருக்குக்கூட என்னிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லை. சொல்லியிருந்தால் நானே போனைத் திருப்பி வைத்திருப்பேன். வழக்கத்தை மீறுகிற ஆளா நான்? அவள் கீழே ஓலைக் குடிசையில் உட்கார்ந்திருக்க, நான் இங்கே மாடியில் குதிக்கிற அவளோடு மூச்சு வாங்கக் குதித்துக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியோடுதான் நான் குதித்திருக்கிறேன். அந்தத் தேன்குரல் அம்மாவிடம் அரை மணி நேரம் வாதாடியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"சரி, முடிஞ்சுதுல்ல. இனிமேலாவது அவள நேர்ல குதிக்கச் சொல்லு" என்றேன்.

"இனிமே எங்கீங்க? பெரிய புள்ள ஆயிருச்சு. மாடில நின்னு குதிச்சா நாலு பேரு பாக்க மாட்டாங்களா?"

"அவ வூட்டு மாடி. குதிக்கட்டும். ஓடட்டும். நான் சொல்றேன்."

"நீங்க அங்க இருந்துக்கிட்டு சொல்லுவீங்க. இங்க பேச்சு கேக்குறது நானு."

அங்க இருந்துக்கிட்டு என்று அவள் சொன்னது பொய் இல்லையே. சரவணனும் வாங்கிப் பேசினார். "உங்க நல்லதுக்குத்தான் மாப்ள, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். என்னைப் பந்தலிலிருந்து துரத்திவிட்டு, நல்லதாம். கோபிகாவைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். இப்போது வீடியோவில் பார்க்கலாம், தடை நீங்கிவிட்டது. நான் வேண்டாம், பேசினால் போதும் என்றேன்.

"ஸாரிப்பா" என்றாள். குரல் அப்படியேதான் இருந்தது.

"பரவால்ல கண்ணு. உனக்கு ஒண்ணும் இல்லையே? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்பா." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, அம்மா சொல்லுது, நீங்க அந்த வீடியோவ பாத்துக்கிட்டு தெனமும் குதிச்சீங்கன்னு. நெசமாவா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, நான் கூப்புடறது நின்னதும் நீங்களும் நிறுத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன். சும்மா எங்களுக்காகச் சொல்றீங்கன்னு. நாங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. குழந்தை, மனதில் பட்டதைச் சொன்னாள். மறைத்ததையாவது பொறுத்துக்கொண்டேன். நான் குதித்ததை யாருமே நம்பவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்குத் தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பைப் பிய்த்தேன். பாதிதான் வந்தது. மீதி அந்த அறையைக் காலி செய்கிறவரை தரையிலேயே கிடந்தது.

விமானம் ஓட ஆரம்பித்து, நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கோபிகா என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். பள்ளி திறந்துவிட்டது. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயா என்று கேட்டேன். "ஸ்போர்ட்ஸ் வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா." யார் என்றேன். "எல்லாருந்தான்" என்றாள். நான் பள்ளிக்குப் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினேன். மஞ்சுளா தடுக்கவில்லை, ஆனால் கோபிகாவே வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க பேசிட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிருவீங்கப்பா." அவள் அம்மா சொன்ன அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் கேட்பேன். ஒவ்வொரு லீவிலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மஞ்சுளாவோடு நான் சண்டை போடுவதில்லை. நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவள் 'டவர் இல்லீங்க' என்று சொல்கிறபோதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் படுக்கிறது.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். கோபிகா இப்போது ப்ளஸ் டூ. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிக்குப் போனேன். புளி இன்னும் காயப்போடவில்லை, பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது. தரையில் அந்தப் பச்சைப் பெருக்கல் குறி. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, ஒரு கை மட்டும் பளிச்சென்று இருந்தது. இத்தனை வருடம் அதன் மேல் நடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. கீழே பார்த்துக் கூப்பிட்டேன். கோபிகா வந்து மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள்.

"வா கண்ணு. ஒரே ஒரு தடவ. அப்பா கூட."

அவள் அந்தக் குறியைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மாடியைப் பார்த்தாள். அங்கே ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, "எப்ப வந்தீங்க?" என்று விசாரித்தார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோபிகா படியிலேயே நின்று போனை எடுத்து என் பக்கம் பிடித்திருந்தாள்.

"நீங்க குதிங்கப்பா. நான் எடுக்குறேன்."

நான் குறியில் நின்று குதித்தேன். வேறு என்ன செய்வது? இல்லாத கயிற்றைச் சுழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்குகிறவரை குதித்தேன். பக்கத்து மாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோபிகா சிரிக்கவில்லை. எடுத்து முடித்துவிட்டு, வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணினாள்.

"போய் சட்ட மாத்திக்கிட்டு வாங்கப்பா. இருட்டறதுக்குள்ள நாலஞ்சு எடுத்துரலாம்."

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்தவளுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, அந்தப் படியில் நின்ற நிற்பில் கொஞ்சம் தெரிந்தது. நான் கீழே போய்ச் சட்டை மாற்றினேன். மஞ்சுளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்குங்க இத்தன சட்ட?" என்றாள். நான் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாடியேறினேன். மூன்றாவது முறை இறங்கி வந்தபோது, கட்டிலின்மேல் ஒரு நீலச் சட்டையை அவளே எடுத்து வைத்திருந்தாள். அதையும் போட்டுக்கொண்டு போய்க் குதித்தேன்.

இங்கே திரும்பி வந்துவிட்டேன். இப்போது வேறு டார்ம், அறைக்கு ஆறு பேர், கதவு பூட்டுவதில்லை. மாதேஷ் கல்யாணம் செய்துகொண்டு ஊரோடு போய்விட்டான். கோபிகா அந்த வீடியோக்களை மொத்தமாக அனுப்பவில்லை. அவ்வப்போது ஒன்று, சாயங்காலம் தேநீர் நேரத்தில், எந்த வார்த்தையும் இல்லாமல் வருகிறது. நேற்று நீலச் சட்டை வந்தது. ஊரில் என் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், நான் குதித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் முருங்கை, அதற்குப் பின்னால் வானம். புதிதாக அறைக்கு வந்த விழுப்புரத்துப் பையன் எட்டிப் பார்த்து, "லைவா அண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீடியோ முடிகிறவரை அந்த ஆள் குதிப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.